பில் பாஸான தொகையா, வங்கிக்கு வந்த தொகையா: அரசு ஒப்பந்தக் கணக்கில் எதை வருவாயாகக் காட்டுவது?

கேள்வி: கொண்டப்பநாயக்கன்பட்டி ஒப்பந்ததாரர்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, பதினோரு ஆண்டுகளாகச் சாலை, தாங்கு சுவர், சிறுபாலம் போன்ற அரசு வேலைகளைத் தனி உரிமையாளராக எடுத்துச் செய்து வருகிறேன். வேலையில் எனக்குக் குழப்பம் இல்லை. கணக்கில்தான் இப்போது சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

2024-25 நிதியாண்டில் மலைப்பாதையிலும் அதற்கு மேலுள்ள கிராமச் சாலைகளிலுமாக மூன்று வேலைகளுக்குப் பில் பாஸானது. ஒவ்வொரு பில்லிலும் வருமான வரி, ஜி.எஸ்.டி. பிடித்தம், தொழிலாளர் நல நிதி, சீனியரேஜ் (ஜல்லி, மணல் போன்ற கனிமங்களுக்கு அரசு வாங்கும் கட்டணம்), பின்னர் விடுவிக்கப்படும் 5 சதவீத நிறுத்திவைப்பு எனப் பல பிடித்தங்கள் போக மீதிதான் வங்கிக் கணக்குக்கு வந்தது. வந்த தொகையையே வரவாக எழுதினேன்; அதற்குள்ளேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருப்பதாகக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு, மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கான 3பி படிவத்தில் காட்டி வரியையும் கட்டினேன். கைக்கு வராத பணத்துக்கு நான் எப்படி வரி கட்டுவது என்பதுதான் அப்போது என் எண்ணம்.

சென்ற வாரம் ஜி.எஸ்.டி. அலுவலகத்திலிருந்து ஏ.எஸ்.எம்.டி.-10 அறிவிப்பு வந்திருக்கிறது. துறைகள் தாம் பிடித்த ஜி.எஸ்.டி.யைக் காட்டித் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்.-7 படிவங்களின்படி என் வேலை மதிப்பு 64,00,000 ரூபாய் என்றும், நான் 3பி-யில் காட்டியது 57,90,000 ரூபாய் மட்டுமே என்றும், வித்தியாசமான 6,10,000 ரூபாய்க்கு விளக்கம் தேவை என்றும் அதில் உள்ளது. என் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரியின் 26ஏஎஸ் அறிக்கையைப் பார்த்தால் அதிலும் என் கணக்கை விடக் கூடுதலான தொகையே தெரிகிறது.

ஒரு பில்லின் விவரத்தைச் சுற்றெண்களில் தருகிறேன். வேலை மதிப்பு 20,00,000, ஜி.எஸ்.டி. 3,60,000, மொத்தம் 23,60,000. பிடித்தங்கள்: வருமான வரி 20,000, ஜி.எஸ்.டி. பிடித்தம் 40,000, தொழிலாளர் நல நிதி 20,000, சீனியரேஜ் 46,000, நிறுத்திவைப்பு 1,00,000. வங்கிக்கு வந்தது 21,34,000. இதை எப்படி எழுதியிருக்க வேண்டும், இப்போது எப்படிச் சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: அஸ்தம்பட்டி தணிக்கை உதவியாளர்

ஐயா, வணக்கம். உங்களைப் போல வங்கிக்கு வந்த தொகையை வருவாயாக எழுதிவிட்டு அறிவிப்போடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஏமாற்றும் எண்ணம் அதில் இருப்பதில்லை. பிடித்தம் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு இயல்புள்ள தொகைகள் ஒளிந்திருப்பதே காரணம்.

நீங்கள் செய்த வேலையின் மதிப்பு 20,00,000. அதுதான் வருவாய். ஜி.எஸ்.டி. 3,60,000 உங்கள் பணமே அல்ல. துறையிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய கடன். எனவே பில் பாஸானதும் துறையின் கணக்கில் 23,60,000 பற்று எழுதி, ஒப்பந்த வருவாயில் 20,00,000, வெளியீட்டு வரியில் 3,60,000 வரவு வைக்க வேண்டும். பணம் வந்ததும் வங்கிக்கு 21,34,000 பற்று. மீதமுள்ள 2,26,000 ரூபாயைப் பிரித்து ஒவ்வொன்றையும் அதற்குரிய கணக்கில் பற்று எழுத வேண்டும். அத்துடன் துறையின் கணக்கு நேராகிவிடும்.

வருமான வரிப் பிடித்தம் 20,000 என்பது 194சி பிரிவின்படி தனிநபருக்கு 1 சதவீதம். கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்திருந்தால் 2 சதவீதம். அது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. கணக்கில் அது சொத்து. ஜி.எஸ்.டி. பிடித்தமான 40,000-உம் அதே போன்றதே. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2,50,000 ரூபாயைத் தாண்டினால் மத்திய வரியில் 1, மாநில வரியில் 1 என 2 சதவீதத்தைத் துறை பிடிக்கிறது. அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அவர்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-7 தாக்கல் செய்ததும், அந்தத் தொகை ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் மின்னணு ரொக்கப் பேரேட்டுக்கு வந்து சேரும். பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. தம் பணத்தை அங்கேயே கிடக்கவிட்டு, மாதாமாதம் கையிலிருந்து வரி கட்டுகிறார்கள். உங்கள் கணக்கில் எத்தனை பிடித்தங்கள் ஏற்கப்படாமல் கிடக்கின்றன என்பதை இன்றே பாருங்கள்.

நிறுத்திவைப்பு 1,00,000 துறையிடமிருந்து வர வேண்டிய பணம். கைக்கு வராததால் அது வருவாய் ஆகாது என்ற வாதம் ஒருகாலத்தில் செல்லுபடியானது. கட்டுமான ஒப்பந்தங்களுக்கான வருமானக் கணக்கீட்டுத் தரத்தில் இருந்த இது தொடர்பான விதியை 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்தும் செய்தது. ஆனால் 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 43சிபி என்ற பிரிவை முன்தேதியிட்டுச் சேர்த்து, நிறுத்திவைப்புத் தொகையும் ஒப்பந்த வருவாயில் அடங்கும் என்று எழுதிவிட்டது. மெர்கண்டைல் முறையில், அதாவது பணம் வந்த நாளைப் பார்க்காமல் வருவாய் உரிமையான நாளை வைத்துக் கணக்கு வைப்பவருக்கு அதற்குப் பிறகு அந்த வாதத்தில் வலு இல்லை.

நல நிதியும் சீனியரேஜும் மட்டுமே உண்மையான செலவு. இரண்டும் சேர்ந்து 66,000.

இப்போது உங்கள் முறையின் விளைவைப் பாருங்கள். 21,34,000-க்குள் வரி அடங்கியுள்ளது என்று கொண்டதால் வேலை மதிப்பு 18,08,475 ஆகச் சுருங்கியது. இந்த ஒரு பில்லில் மட்டும் ஜி.எஸ்.டி. 34,475 ரூபாய் குறைவாகக் கட்டப்பட்டுள்ளது. வருமானத்தில், செலவுகள் போக 19,34,000 நிற்க வேண்டிய இடத்தில் 18,08,475 நிற்கிறது. 1,25,525 ரூபாய் லாபம் குறைந்துவிட்டது. அதே சமயம் 20,000 ரூபாய் வரிப் பிடித்தத்துக்கு முழு வரவு கோரியிருப்பீர்கள். 26ஏஎஸ் அறிக்கையோடு ஒப்பிடும் கணினிக்கு இந்த முரண் உடனே தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வழி இது. 2024-25-க்கான விடுதல்களை 2025 நவம்பர் 30 வரை தாக்கலாகும் மாதாந்திரப் படிவங்களிலேயே சேர்க்கலாம். அந்த நாள் கடந்திருந்தாலோ, உங்களைப் போல அறிவிப்பு வந்திருந்தாலோ, குறைவாகக் கட்டிய வரியை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் டி.ஆர்.சி.-03 என்ற படிவத்தின் மூலம் கட்டி, 30 நாட்களுக்குள் ஏ.எஸ்.எம்.டி.-11 படிவத்தில் பில் வாரியான ஒப்பீட்டு அட்டவணையோடு பதில் தர வேண்டும். அதிகாரி ஏற்றுக்கொண்டால் ஏ.எஸ்.எம்.டி.-12 கொடுத்து முடித்துவிடுவார். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 74ஏ பிரிவே பொருந்துகிறது. ஏமாற்றும் நோக்கமில்லாத குறைபாட்டில், காரணம் கேட்கும் அறிவிப்புக்கு முன்பே வரியும் வட்டியும் கட்டியவருக்கு அதில் அபராதம் இல்லை. வருமான வரியில், திருத்திய அறிக்கைக்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாள். அதன் பிறகு கூடுதல் வரியுடன் புதுப்பித்த அறிக்கைதான்.

பதில் 2: ஓமலூர் வாசகர்

வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின் கீழ் உத்தேச வருமானம் காட்டினால் இந்தத் தொல்லையே இருக்காதே? அரசுப் பணம் முழுவதும் வங்கி வழியாகத்தான் வருகிறது. அதில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

பதில் 3: அஸ்தம்பட்டி தணிக்கை உதவியாளர்

6 சதவீதமும் மொத்த மதிப்பின் மீதுதான், வங்கிக்கு வந்த தொகையின் மீதன்று. எனவே 20,00,000-ஐ 18 லட்சமாக எழுதும் தவறு அங்கேயும் தவறுதான். ஜி.எஸ்.டி.க்கு 44ஏடி எந்தப் பாதுகாப்பும் தராது. ஒருமுறை அதில் நுழைந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் அதைக் கோர முடியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மழையில் மண் சரிந்து ஒரு தாங்கு சுவரை இரண்டு முறை கட்ட நேர்ந்த ஆண்டில், உண்மையில் நட்டமே மிஞ்சியிருக்க, 6 சதவீத லாபத்துக்கு வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பதில் 4: ஓய்வு பெற்ற கோட்டக் கணக்கர்

மேலே எழுதியவர் கணக்கைச் சரியாக விளக்கியிருக்கிறார். மேசையின் மறுபக்கத்தில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

கடையிலோ தொழிற்சாலையிலோ விற்பவரே பட்டியல் போடுகிறார். எங்களிடம் அப்படி இல்லை. பொறியாளர் வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத, அதிலிருந்து பில் அலுவலகத்திலேயே தயாராகிறது. ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டு, பணம் வந்தால் போதும் என்று போய்விடுகிறார். அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கும் பிடித்த விவரத்தை நகல் எடுத்துக்கொள்பவர் நூற்றில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பில் பாஸான ஆணையின் நகலை, அளவுப் புத்தகத்தின் எண்ணோடும் பக்கத்தோடும், வேலை வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். இன்று உங்களிடம் கேட்கப்படும் ஒப்பீட்டு அட்டவணைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

சீனியரேஜை நேரடியாகச் செலவில் எழுதச் சொன்னதில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். ஜல்லியும் எம்-சாண்டும் உரிமம் பெற்ற இடத்திலிருந்து வந்திருந்தால், அதற்கான சீனியரேஜை குவாரிக்காரர் ஏற்கெனவே அரசுக்குக் கட்டி, அதை விலையில் சேர்த்து உங்களிடம் வாங்கியிருப்பார். ஜல்லி ஏற்றி வர வண்டிக்குத் தரப்படும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டைக் காட்டாதபோதுதான் நாங்கள் பில்லில் பிடிக்கிறோம். அப்போது ஒரே ஜல்லிக்கு இரண்டு முறை கட்டியவர் ஆகிறீர்கள். டிப்பர் ஓட்டுநர் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போன சீட்டை மூன்று மாதம் கழித்துத் தேடுவதில் பயன் இல்லை. சுமை இறங்கும்போதே வாங்கி, வேலையின் பெயரை எழுதி வையுங்கள். இறுதி பில் முடியாத வேலை ஏதேனும் இருந்தால், கையிலுள்ள சீட்டுகளை இப்போதே கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி.ஆர்.-7 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் இருப்பதெல்லாம் வேதவாக்கு அல்ல. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கான பிடித்தத்தை அதே பெயர் கொண்ட வேறொருவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றிவிட்டார்கள், திருத்தி முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. அறிவிப்பில் உள்ள 64,00,000-ஐ அப்படியே ஒப்புக்கொள்ளாமல், எந்தெந்த பில், எந்தெந்த மாதம் என்று பிரித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொண்டப்பநாயக்கன்பட்டி ஒப்பந்ததாரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி மூன்று பில்களையும் பிரித்துப் பார்த்தேன். 6,10,000 ரூபாயில் 4,85,000 என் தவறான முறையால் வந்தது. அதற்கான வரி 87,300. ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கப்படாமல் கிடந்த பிடித்தங்களும் இருந்தன, ஏற்றுக்கொண்டேன்.

மீதி 1,25,000 வேறு கதை. அது ஆறு மாத ஒப்பந்த வேலை ஒன்றின் மூன்றாவது பகுதி பில். மார்ச் 28 அன்று பாஸாகி, துறையின் மார்ச் மாத ஜி.எஸ்.டி.ஆர்.-7 படிவத்தில் ஏறிவிட்டது. ஆனால் பணம் ஏப்ரல் 4 அன்றுதான் வந்தது. அந்த நாள் தேதியிட்டே வரிப் பட்டியல் கொடுத்து, ஏப்ரல் மாத 3பி-யில் வரியும் கட்டிவிட்டேன். இதற்கும் இப்போது மீண்டும் கட்ட வேண்டுமா? இதே பில் 26ஏஎஸ் அறிக்கையில் 2024-25-இல் நிற்கிறதே, அதை என்ன செய்வது?

பதில் 5: அஸ்தம்பட்டி தணிக்கை உதவியாளர்

இந்த ஒரு பில்லில் நீங்கள் செய்தது தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நடக்கும், அவ்வப்போது பணம் தரப்படும் ஒப்பந்தம் ஜி.எஸ்.டி. சட்டத்தில் தொடர் சேவை எனப்படும். அதற்கான வரிப் பட்டியலை எப்போது கொடுக்க வேண்டும் என்பதை 31(5) பிரிவு சொல்கிறது. பணம் தரப்பட வேண்டிய நாளை ஒப்பந்தமே குறிப்பிட்டிருந்தால் அந்த நாளுக்குள். குறிப்பிடவில்லையென்றால் பணம் பெறும்போதோ அதற்கு முன்போ. ஒரு கட்டம் முடிந்ததும் பணம் என்றிருந்தால் அந்தக் கட்டம் முடிவதற்குள். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பில் எத்தனை நாளில் பட்டுவாடா ஆகும் என்ற நிபந்தனையும், கட்டத்தோடு பணத்தை இணைக்கும் நிபந்தனையும் இல்லையென்றால், ஏப்ரல் 4 தேதியிட்ட பட்டியல் சரியானதே. அந்த 1,25,000-க்கு வரியும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். ஏப்ரல் மாதப் படிவத்தின் நகலை ஏ.எஸ்.எம்.டி.-11 பதிலோடு இணைத்து, கால வேறுபாடு என்று விளக்கினால் போதும்.

வருமான வரியில் நிலைமை வேறு. மெர்கண்டைல் முறையில் வேலை முடிந்து அளக்கப்பட்டு மார்ச்சிலேயே பாஸானது 2024-25-இன் வருவாய். பணம் வந்த நாள் அங்கே பொருட்டல்ல. அந்த ஆண்டிலேயே வருவாயைக் காட்டினால், 37பிஏ விதிப்படி அதற்கான பிடித்தத்தின் வரவும் அந்த ஆண்டிலேயே கிடைக்கும். ஒரே பில் ஒரு சட்டத்தில் மார்ச்சிலும் மற்றொன்றில் ஏப்ரலிலும் நிற்பது விசித்திரமாகத் தோன்றலாம், இரண்டுமே சரிதான். ஆண்டிறுதியில் இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரு பக்க அட்டவணையைக் கணக்கோடு வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். வரியைத் தனியாகக் காட்டியுள்ள பில்லில் வருமான வரியை ஜி.எஸ்.டி. நீங்கலான மதிப்பில்தான் பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலை 19 அன்று 23/2017 எண்ணுள்ள சுற்றறிக்கையில் கூறியுள்ளது. இருந்தும் சில அலுவலகங்கள் 23,60,000-க்கும் சேர்த்தே பிடிக்கின்றன. அப்படியானால் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும் கூடுதல் தொகையில் ஒரு பகுதி ஜி.எஸ்.டி. மட்டுமே, வருவாய் அல்ல.

பதில் 6: நாகலூர் ஒப்பந்ததாரர்

நானும் மேலே மலையில் இதே தொழிலில் இருக்கிறேன். வரவுப் பக்கத்தை இருவரும் விளக்கிவிட்டார்கள். செலவுப் பக்கத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

துறை பணம் தரத் தாமதமானால் நாமும் ஜல்லிக் கடைக்குத் தாமதமாகத்தான் தருவோம். முன்பு அது நமக்கும் கிரஷர்காரருக்கும் இடையிலான விவகாரமாக இருந்தது. வருமான வரியில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, உதயம் என்ற சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லாவிட்டால் 15 நாட்களிலும் பணம் தந்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்று நிலுவையில் நிற்கும் தொகை அந்த ஆண்டின் செலவாக ஏற்கப்படாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் ஏற்கப்படும். சென்ற ஆண்டு எனக்கு நான்கு லட்சத்துக்கு மேல் இப்படித் தள்ளுபடியாகி, கையில் இல்லாத லாபத்துக்கு வரி கட்டினேன். செவ்வாய்ப்பேட்டையில் கம்பியும் சிமெண்டும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, கிரஷருக்குப் பொருந்தும். ஆகவே கையில் பணம் குறைவாக இருக்கும் மார்ச் மாதத்தில் யாருக்கு முதலில் தருவது என்பதை இதைப் பார்த்தே முடிவு செய்கிறேன். யாராக இருந்தாலும் 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் அந்தப் பட்டியலில் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கியபோது தந்த ஜி.எஸ்.டி.க்கான வரவை) வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும் என்பது தனி.

லாரி வாடகையிலும் கவனம் தேவை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் வண்டிக்காரர் ரொக்கமாகத்தான் கேட்பார். ஒருவருக்கு ஒரு நாளில் ரொக்கமாகத் தருவது 10,000 ரூபாயைத் தாண்டினால் அது செலவாக ஏற்கப்படாது. சரக்கு வண்டி வாடகைக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. மேஸ்திரிக்கு வாரக் கூலியை மொத்தமாக ரொக்கத்தில் தந்துவிட்டு, அதை வண்டி வாடகை என்று எழுதியவர் ஒருவர் தணிக்கையில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி நண்பரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. 2022 ஜூலை 18-க்கு முன்பு, 12 சதவீத வரி இருந்தபோது முடித்த ஒரு வேலையின் நிறுத்திவைப்பை இப்போதுதான் விடுவிக்கப் போகிறார்கள். அதற்கு 12 சதவீதமா, 18 சதவீதமா?

பதில் 7: அஸ்தம்பட்டி தணிக்கை உதவியாளர்

அன்றைக்கு நீங்கள் கொடுத்த வரிப் பட்டியல் முழு மதிப்புக்கா, நிறுத்திவைப்பு நீங்கலாகவா என்பதைப் பொறுத்தது. முழு மதிப்புக்கும் அப்போதே பட்டியல் கொடுத்து 12 சதவீதம் கட்டியிருந்தால், இப்போது வருவது பழைய பாக்கி வசூல் மட்டுமே. எந்த வரியும் இல்லை. நிறுத்திவைப்பைக் கழித்துவிட்டுப் பட்டியல் கொடுத்திருந்தால், வேலை பழையதாக இருந்தாலும் பட்டியலும் பணமும் விகிதம் மாறிய பிறகு வருவதால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி 18 சதவீதம் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் 6 சதவீதத்தைத் துறை தருமா என்பதை, தொகையை விடுவிக்கும் ஆணை வெளியாவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொண்டப்பநாயக்கன்பட்டி ஒப்பந்ததாரர்

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். பில் பட்டுவாடாவுக்கு நாள் எதுவும் குறிப்பிடவில்லை. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து என்று மட்டுமே உள்ளது. ஆகவே 87,300 ரூபாயையும் வட்டியையும் மட்டும் கட்டி, 1,25,000-க்கு விளக்கம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நடைச்சீட்டுகளைத் தேடியதில் நாற்பத்தொன்று கிடைத்தன. ஒரு வேலையின் இறுதி பில் இன்னும் போடப்படவில்லை என்பதால், அவற்றைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுக்கிறேன்.